ஒன்பதாம் நம்பர் சப்பாத்து

சிட்னியின் பென்டில் ஹில்லில் எந்த வீட்டில் விசேஷம் என்று அறிய விலாசம் தேவையில்லை. எந்த வாசலில் சப்பாத்து மலை குவிந்திருக்கிறதோ அதுதான் வீடு. அந்த ஞாயிற்றுக்கிழமை மலை சச்சிதானந்தன் வீட்டு வாசலில் இருந்தது. மகன் கீர்த்தனனுக்குப் பதினெட்டு வயது. உள்ளே கேக், ரோல்ஸ், மட்டன் கறி, மைக்கைப் பிடித்தால் விடாத ஒரு அங்கிள். வெளியே நாற்பது சோடிச் செருப்பும் சப்பாத்தும் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடந்தன.

அந்தக் குவியலில் ஒட்டாமல், சுவரோரம், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி நிமிர்ந்து நின்ற ஒரு சோடி மட்டும் யோகேஸ்வரனுடையது. பஸ்ஸைத் தரிப்பிடத்தில் நிறுத்துகிற அதே கவனத்தோடு சப்பாத்தையும் நிறுத்துவார். ஐம்பத்தாறு வயது. மேற்கு சிட்னியில் பஸ் ஓட்டுகிறார். வந்த புதிதில் ஹரிஸ் பார்க்கில் ஒரு சாப்பாட்டுக் கடையின் குசினியில் தட்டுக் கழுவியவர். பஸ் ஓட்டும் அனுமதி கிடைத்த அன்று அந்தக் கடைக்கே போய், கதிரையில் இருந்து, கழுவ நிறையத் தட்டு வருகிற மாதிரிச் சாப்பிட்டுவிட்டு வந்தவர். அவ்வளவு பெருமை.

சச்சிதானந்தனும் அதே டிப்போ. அதனால் இருவருக்கும் ஒரே சீருடை, ஒரே கறுப்புச் சப்பாத்து. வித்தியாசம் ஒன்றுதான். யோகேஸ்வரனுக்கு அளவு பத்து, சச்சிக்கு ஒன்பது.

கேக் வெட்டி முடிந்ததும் இரண்டு பேர் காணாமல் போனார்கள். ஒருவன் பிறந்தநாள்காரன். மற்றது யோகேஸ்வரனின் ஒரே மகள் வினுஷா. பதினேழு வயது. கையில் போன் இருந்தால் ஒரு பிசாசு, இல்லாவிட்டால் இரண்டு. இருவரும் வாசலில் இருந்த அத்தனை சப்பாத்தையும் மாற்றி வைத்தார்கள். பெரியதற்குப் பக்கத்தில் சின்னது, குதிக்கு உயர்ந்ததற்குப் பக்கத்தில் தட்டை. ஒரே மாதிரி இருந்த இரண்டு கறுப்புச் சோடிகளை மட்டும் பிரிக்காமல் இடம் மாற்றி வைத்தார்கள். பிறகு கராஜ் கதவுக்குப் பின்னால் ஒளிந்து நின்று படம் எடுத்தார்கள்.

சனம் வெளியே வந்தது. ஒரு நிமிடம் அமைதி. பிறகு வாசல் மீன்சந்தையானது.

"ஐயோ, இது ஆற்ற செருப்பு அப்பா?"

"உங்கட இடது என்னட்டை இருக்கு அன்ரி! வலது எங்கை?"

"கீர்த்தனன்! வெளியில வாடா நாயே! எனக்குத் தெரியும் உன்ர வேலை எண்டு!"

யோகேஸ்வரன் சுவரோரம் போனார். அங்கே ஒரு கறுப்புச் சோடி நிமிர்ந்து நின்றது. படியில் உட்கார்ந்தார். கால் போக மறுத்தது. மட்டன் கறியின் உப்புக்குக் கால் வீங்கியிருக்கும் என்று நினைத்து, குதியை இரண்டு தரம் நிலத்தில் குத்தி உள்ளே தள்ளினார். நாடாவைக் கட்டினார். "சரி சச்சி, போட்டு வாறம்," என்றார். காரில் ஏறினார். பெல்ற்றை மாட்டினார்.

கண்ணாடியில் வினுஷா ஓடி வருவது தெரிந்தது. வாய் சிரிப்பதற்காகத் திறந்திருந்தது. காரில் ஏறி, தகப்பனின் காலைப் பார்த்து, முகத்தைப் பார்த்து, திரும்பக் காலைப் பார்த்தாள். திறந்த வாய் மெல்ல மூடியது.

"என்ன பிள்ளை?"

"நத்திங்."

ரோல்ஸ் கூடிப்போச்சு போல, என்று யோகேஸ்வரன் நினைத்தார்.

சங்கதி ரோல்ஸ் இல்லை. யோகேஸ்வரனுக்குச் சீனி வருத்தம், சர்க்கரை நோய், வந்து எட்டு வருடம். முதலில் கால்கள் இரவிரவாக எரிந்து சத்தம் போட்டன. பிறகு ஊசி குத்தின. பிறகு ஒருநாள் இரண்டும் சேர்ந்து அவரோடு பேச்சை நிறுத்திவிட்டன. சண்டை பிடிக்கிற மனிசி திடீரென்று மௌனமானால் சில புருஷன்மார் சந்தோஷப்படுவார்கள் இல்லையா, அப்படித்தான் அவரும் முதலில் சந்தோஷப்பட்டார். எரிவு போய்விட்டது, மருந்து வேலை செய்கிறது என்று.

மருந்து வேலை செய்யவில்லை, கால்தான் வேலை செய்யவில்லை என்பது ஒரு நாள் பிறேக்கில் மிதித்தபோது தெரிந்தது. மிதித்தது தெரியவில்லை. பஸ் நின்றதால்தான் மிதித்திருக்கிறார் என்று தெரிந்தது.

அதை அவர் ஒருவருக்கும் சொல்லவில்லை. காரணம் வரதராஜன். அவர் திருச்சிக்காரர், அதே டிப்போ, நல்ல மனிதர். வாய்க்கு மட்டும் பூட்டு இல்லை. 'கால் கொஞ்சம் மரத்துப் போகுது டாக்டர்' என்று ஒரு நாள் சொன்னார். அதற்குப் பிறகு டிப்போவில் அவர் குரல் கேட்கவில்லை. இப்போது மகள் வீட்டுப் பல்கனியில் நின்று, போகிற பஸ்ஸுக்கெல்லாம் நம்பர் சொல்கிறாராம். பஸ் இல்லாத யோகேஸ்வரனை யோகேஸ்வரனால் கற்பனை செய்ய முடியவில்லை. அந்த ஸ்டியறிங்கிற்குப் பின்னால் இருக்கும்போது மட்டும்தான் இந்த நாட்டில் ஐம்பது பேர் அவர் போகிற பக்கம் போனார்கள்.

ஆகவே அவர் காதால் ஓட்டப் பழகினார். எஞ்சின் உறுமுகிற அளவை வைத்து, கால் எவ்வளவு அழுத்துகிறது என்று கணக்குப் பண்ணுவார். பாதத்தை நம்பாமல் முழங்காலிலிருந்து மிதிப்பார். டீசல் பஸ் என்றால் பிரச்சினை இல்லை, அது தன் வயிற்றில் இருப்பதையெல்லாம் சத்தமாகச் சொல்லும். கெட்ட காலத்திற்கு டிப்போவுக்கு மின்சார பஸ்கள் வந்தன. அவை பூனை மாதிரி. கால் ஊமை, பஸ்ஸும் ஊமை. அப்படி ஒரு வண்டி தன் பேரில் விழுந்தால் சச்சியிடம் கெஞ்சி மாற்றிக்கொள்வார். "பழைய ஆள் அண்ணை நீங்கள்," என்று சச்சி சிரிப்பான். சிரிக்கட்டும் என்று விட்டுவிடுவார்.

திங்கட்கிழமை விடியவே எழும்பி, வாசலில் நின்ற கறுப்புச் சோடியை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனார். காலை ஓட்டம் முழுவதும் டீசல். சாப்பாட்டு நேரம் டிப்போவின் ஓய்வறையில், மைக்றோவேவ் முன்னால் வரிசையில் நின்றபோது பின்னாலிருந்து டப், டப் என்று ஒரு நடை கேட்டது.

"யோகண்ணை, உங்கட தோணியில வந்து இறங்கியிருக்கிறன்," என்றான் சச்சி. காலுறையாக இரண்டு மேஸ் போட்டும் அவன் காலில் சப்பாத்து ஆடியது. "நேற்று ராத்திரியே கண்டுட்டன். எல்லாம் என்ர மூதேவியின்ர வேலை. அதுசரி, விடிய இருந்து என்ர ஒன்பதைப் போட்டுக்கொண்டு எப்பிடி நடந்தனீங்கள்? எனக்கே அது கொஞ்சம் இறுக்கம்."

யோகேஸ்வரன் குனிந்து பார்த்தார். நாடாவுக்கு மேலே கால் பொங்கி நின்றது, அடுப்பில் வைத்த பாண் ரொட்டி மாதிரி.

ஓய்வறையில் ஏழெட்டுப் பேர். பஞ்சாபி, சீனர், கிரேக்கர், எல்லாரும் சப்பாத்தைப் பார்த்தார்கள். பொய் சொல்ல ஒரு வினாடிதான் இருந்தது.

"ஆருக்கடா பகிடி காட்டுறாய்?" என்று சத்தமாகச் சிரித்தார். "தெரிஞ்சுதான் போட்டனான். நீ எப்ப கேப்பாய் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்."

"அட பாவி மனுசா! அப்ப கழட்டுங்கோ."

"பொறு. கக்கூசுக்குப் போட்டு வாறன்."

கதவைப் பூட்டிவிட்டு உட்கார்ந்து வலது சப்பாத்தை இழுத்தார். வந்தது. சாம்பல் நிற மேஸின் ஓரம் கறுப்பாக இருந்தது. கறுப்பு இல்லை, காய்ந்த சிவப்பு. மேஸை உரித்தபோது சின்ன விரலின் பக்கத்துத் தோலும் கூடவே வந்தது. உள்ளே ஈரமாக, பச்சை இறைச்சி மாதிரி. வேறு யாருக்காவது இருந்தால் டிப்போவே கேட்கக் கத்தியிருப்பார்கள். யோகேஸ்வரன் விரலால் தொட்டுப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் அழுத்திப் பார்த்தார்.

ஒன்றும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரனின் காலைத் தொடுகிற மாதிரி இருந்தது.

கக்கூஸ் கடதாசியை விரலைச் சுற்றிக் கட்டினார். சச்சியின் சப்பாத்துக்குள் இருந்த கறையைத் துப்பல் தொட்டுத் துடைத்தார். வெளியே வந்து மாற்றிக்கொண்டார். பிறகு பின்னேர வண்டிக்குத் திறப்புச் சாவி வாங்கப் போனார்.

மின்சார பஸ். சச்சி அதற்குள் தன் ஓட்டத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டான். மாற்ற ஆள் இல்லை.

'முடியாது' என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்பார்களே.

பள்ளிக்கூடம் விடுகிற நேரம். பஸ் நிறையப் பிள்ளைகள், பைகள், சிப்ஸ் மணம். வெளியே தூறல். யோகேஸ்வரன் வேகமானியைப் பார்த்து, றோட்டைப் பார்த்து, திரும்ப வேகமானியைப் பார்த்து ஓட்டினார். காதுக்கு ஒன்றும் வரவில்லை, பிள்ளைகளின் கூச்சலைத் தவிர. ஒவ்வொரு தரிப்பிலும் நின்றபோது ஒவ்வொரு மூச்சு விட்டார். ஹரிஸ் பார்க் தாண்டி ஒரு தரிப்பு. தள்ளுவண்டியில் குழந்தையோடு ஒரு பெண், மழைக்கு ஒதுங்காமல், விளிம்பிலேயே நின்று கையைக் காட்டினாள்.

அவர் காலைப் பிறேக்குக்குக் கொண்டு போனார். கொண்டு போனேன் என்றுதான் நினைத்தார்.

பஸ் சத்தமில்லாமல் முன்னால் பாய்ந்தது.

தள்ளுவண்டியின் மஞ்சள் மூடி முன்கண்ணாடியில் பெரிதாகிக்கொண்டு வந்தது. யோகேஸ்வரன் தொடையோடு காலைத் தூக்கி, அது விழுகிற இடத்தில் விழட்டும் என்று பக்கத்து மிதியில் அடித்தார். பஸ் முழங்காலில் விழுந்த மாதிரி நின்றது. பின்னாலிருந்து ஒரு பள்ளிக்கூடப் பை வழுக்கிக்கொண்டு வந்து அவர் கதவில் முட்டியது. "ஓய்!" என்று யாரோ கத்தினார்கள். மற்றவர்கள் சிரித்தார்கள். அவர்களுக்கு அது இலவச விளையாட்டு.

அந்தப் பெண் கையைக் காட்டிவிட்டுப் போனைப் பார்த்துக்கொண்டிருந்ததால் எதையும் காணவில்லை. வண்டியை ஏற்றிவிட்டு, "தாங்க் யூ டிறைவர்," என்றாள்.

அவர் இரண்டு கையாலும் ஸ்டியறிங்கைப் பிடித்துக்கொண்டு இருந்தார். ஸ்டியறிங்கின் சூடு உள்ளங்கைக்குத் தெரிந்தது. அது ஒரு ஆறுதல், கைக்கு இன்னும் பேச்சு வருகிறது. மிச்ச ஓட்டத்தை ஆமை வேகத்தில் ஓட்டி முடித்தார். பின் கதவால் இறங்கிய ஒவ்வொரு பிள்ளையும், இந்த ஊர் வழக்கப்படி, "தாங்க் யூ டிறைவர்" என்று சொல்லிவிட்டு இறங்கியது. ஒவ்வொன்றும் கன்னத்தில் அறையாக விழுந்தது.

வீட்டில் மனைவி இரஞ்சிதம் இன்னும் வேலையால் வரவில்லை. அவளுக்கு ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. ஊர்ப்பட்ட கிழவர் கிழவிகளின் காலைக் கழுவி, விரலிடுக்குத் துடைத்து, கிறீம் பூசி, எந்தக் காலில் எந்த இடத்தில் சிவந்தது என்று தாதிக்குச் சொல்கிறவள். அவள் பார்க்காத ஒரே சோடிக் கால் புருஷனுடையது. அது எப்போதும் மேஸுக்குள் இருந்தது. "படுக்கேக்கயும் என்ன மேஸ்?" என்று கேட்டால், "குளிருது," என்பார். சிட்னி வெயில் கொதிக்கிற ஜனவரியிலும் குளிரும் அவருக்கு.

அவர் தனக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்தார். சுடுதண்ணீர், உப்பு, பேசினுக்குள் கால். தண்ணீர் எப்படி என்று காலைக் கேட்டார். பதில் இல்லை. சவர்க்காரத்தை எடுக்கக் கை தண்ணீரில் பட்டது. கை துள்ளிக்கொண்டு வெளியே வந்தது. காலை எடுத்துப் பார்த்தபோது கணுக்கால் வரைக்கும் இறால் நிறம்.

"என்னப்பா, குளிக்கிற அறையில இவ்வளவு நேரம்?" இரஞ்சிதம் வந்துவிட்டாள்.

"முகம் கழுவுறன்."

"முகம் என்ன, காணி மாதிரியே இருக்கு? கெதியா வாங்கோ, புட்டு ஆறுது."

நாளைக்கு டொக்டரிடம் போவோம் என்று நினைத்துக்கொண்டு பிளாஸ்ரர் ஒட்டினார். செவ்வாய்க்கிழமை டீசல் கிடைத்தது. அப்படியென்றால் இன்று போகத் தேவையில்லை. புதன்கிழமையும் டீசல். பிளாஸ்ரர் ஓரம் கொஞ்சம் நாறியது. மேஸை இரண்டாகப் போட்டார். மனிதன் தன்னை ஏமாற்ற நினைத்தால் அவனை விட நல்ல ஏமாளி கிடைக்கமாட்டான்.

வியாழக்கிழமை அவருக்குப் பிளந்த வேலை. காலையில் கொஞ்சம், பின்னேரம் கொஞ்சம். இடையில் வீட்டுக்கு வந்தவர் சோபாவில் சாய்ந்தார். உடம்பு கொதித்தது, வெயிலாக்கும் என்று நினைத்தார். அப்படியே கண் அயர்ந்துவிட்டது. வினுஷாவுக்குப் பரீட்சை லீவு. மேசையில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு இருந்தாள்.

எழும்பியபோது ஒரு மணி நேரம் போயிருந்தது. வினுஷா அதே கதிரையில், அதே பக்கத்தில். பேனையின் மூடி மட்டும் அவள் வாயில்.

அவர் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார். பிளாஸ்ரரைப் பார்க்க வேண்டும். குனிந்தால் வயிறு மறைக்கிறது. அலுமாரியின் லாச்சியை இழுத்து, இரஞ்சிதத்தின் கைக்கண்ணாடியை எடுத்து, கொமட் மூடியில் உட்கார்ந்து, வலது மேஸைக் கழற்றினார்.

சின்ன விரல் தடித்து, ஊதா நிறம். சிவப்பு அங்கே நிற்கவில்லை. புறங்காலில் ஏறி, ஒரு கோடாகக் கணுக்காலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது, தரிப்பிடம் தரிப்பிடமாக.

இடது காலிலும் அப்படி ஏதும் இருக்குமோ? அந்த மேஸையும் கழற்றினார். கண்ணாடியை உள்ளங்காலுக்குக் கீழே பிடித்தார்.

கண்ணாடிக்குள்ளிருந்து ஒரு முகம் அவரைப் பார்த்து நாக்கை நீட்டியது.

அவர் கிட்டத்தட்ட கண்ணாடியைப் போட்டே விட்டார். உள்ளங்காலில், நீலப் பேனையால், வடிவாகக் கீறிய முகம். இரண்டு உருண்டைக் கண், பெரிய மீசை, அவருடைய மீசை, சிவப்புப் பேனையால் நாக்கு. குதியில் ஒரு பஸ் தொப்பி வேறு. அவசரத்தில் கீறியது இல்லை. மீசை மயிரைக்கூட ஒவ்வொன்றாகக் கீறியிருந்தது.

இந்தப் பிள்ளைக்கு ஐந்து வயதில் ஒரு விளையாட்டு இருந்தது. தகப்பன் நித்திரை கொள்ளும்போது உள்ளங்காலில் இறகால் தடவுவாள். அவர் துள்ளி எழும்பிக் கத்துவார். ஒரு முறை கத்திய கத்தில் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் வந்து கதவைத் தட்டினார். அவ்வளவு கூச்சம் அந்தக் காலுக்கு.

யோகேஸ்வரன் முகத்தைப் பார்த்தபடியே இருந்தார். முகமும் அவரைப் பார்த்தபடி இருந்தது.

கதவுக்கு வெளியே நிழல் தெரிந்தது.

"அப்பா."

அவர் கண்ணாடியைக் கவிழ்த்து வைத்தார்.

"கண்டிட்டீங்களா?"

அவர் கதவைக் கொஞ்சம் திறந்தார், வலது காலைக் கதவுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு. "எப்ப கீறினனீ?"

"குறட்டை விடேக்க. மேஸைக் கழட்டிக் கீறிப்போட்டுத் திரும்ப மாட்டிவிட்டனான். மூண்டு பேனை பாவிச்சனான். ஜெல் பேனையால நல்லா அழுத்தியும் பாத்தனான்." அவள் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு பாதி வழியில் பழுதாகி நின்றது. "ஞாயிற்றுக்கிழமை சப்பாத்தை மாத்தினது நானும் கீர்த்தனனும். எல்லாரும் கத்திச்சினம். நீங்கள் கத்தேல்லை. நீங்கள் பகிடிக்கு நடிக்கிறீங்கள் எண்டு யோசிச்சன். வீடியோவைத் திரும்பத் திரும்பப் பாத்தனான் அப்பா. நீங்கள் நடிக்கேல்லை."

"சத்தம் போடாதை. இஞ்சை பார் குஞ்சு, அம்மாட்டைச் சொல்லாதை. இது வெளியில தெரிஞ்சால் பஸ் இல்லை. விளங்குதா? பஸ் இல்லை."

"ஏன் கதவுக்குப் பின்னால நிக்கிறீங்கள்?"

"சும்மா."

"மற்றக் காலைக் காட்டுங்கோ."

"ஒண்டுமில்லை பிள்ளை."

"காட்டுங்கோ அப்பா!"

காட்டியிருக்கமாட்டார். ஆனால் அவள் கதவைத் தள்ளிவிட்டாள். பார்த்தாள். பேனை மூடி கையிலிருந்து விழுந்து ஓடுகளில் உருண்டது. எத்தனையோ பேரைப் பயமுறுத்திச் சிரித்த முகம் அது. பயந்தால் எப்படி இருக்கும் என்று அவர் அன்றைக்குத்தான் கண்டார். இவ்வளவு சின்ன முகமா என்று இருந்தது.

"அம்மா!" என்று வீடு அதிர ஒரு சத்தம் போட்டாள். இரஞ்சிதம் அன்று இரவு வேலைக்குப் போக முன்னால் மேலே படுத்திருந்தாள். படியில் காலடிச் சத்தம் வந்தது.

இரஞ்சிதம் கத்துவாள் என்று எதிர்பார்த்தார். கத்தவில்லை. முழங்காலில் இருந்து, வேலையிடத்தில் செய்கிற மாதிரியே, குதியை உள்ளங்கையில் ஏந்தினாள். மற்றக் கையின் பின்பக்கத்தால் சூட்டைப் பார்த்தாள். சிவப்புக் கோட்டின் நுனியில் வினுஷாவின் நீலப் பேனையை வாங்கி ஒரு புள்ளி வைத்தாள்.

"இது எத்தினை நாள்?"

"திங்கள்."

"பின்னேர வேலைக்கு வரேல்லை எண்டு போன் பண்ணுங்கோ," என்றாள். "வினு, கார்த் திறப்பை எடு." அவ்வளவுதான். அந்த அமைதிக்கு அவர் பயந்த மாதிரி ஊர்ச் சண்டையில் ஷெல்லடிக்கும் பயந்ததில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது கோடு புள்ளியைத் தாண்டியிருந்தது.

ஊசி, இரத்தம், எக்ஸ்ரே. கையில் குழாய் ஏற்றி மருந்து. இளம் டொக்டர் ஒருவர் வந்து, எலும்புக்குப் போயிருந்தால் விரலை எடுக்க வேண்டிவரும், அதற்கு மேலே போயிருந்தால் பாதத்தைப் பற்றிப் பேச வேண்டிவரும், படம் வரட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். 'பேச வேண்டிவரும்' என்று அவர் சொன்ன விதம் யாருக்கும் பிடிக்கவில்லை. வினுஷா போனை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டாள். அது நடந்து யோகேஸ்வரன் கண்டதில்லை.

பிறகு பாதங்களைப் பார்க்கிற பெண் வந்தாள். நடின் என்று பேர். சீனி வருத்தக்காரர்களின் கால்தான் அவள் வேலை. இடது மேஸைக் கழற்றியவள், உள்ளங்கால் நாக்கை நீட்டியதும் சத்தமாகச் சிரித்துவிட்டாள்.

"இது யார்?"

"நான்தான்," என்றார் யோகேஸ்வரன்.

"கீறியது?"

வினுஷா கையைத் தூக்கினாள், வகுப்பில் அகப்பட்ட மாதிரி. நடின் அவளையும் காலையும் மாறிமாறிப் பார்த்தாள். சிரிப்புப் போய்விட்டது. "இவர் எழும்பவில்லையா?"

"இல்லை."

நடின் ஒரு சின்னப் பிடியை எடுத்தாள். நுனியில் தூண்டில் நரம்பு மாதிரி ஒரு நைலோன் துண்டு. "கண்ணை மூடுங்கள். தொடுவது தெரிந்தால் யெஸ் சொல்லுங்கள்."

இந்தச் சோதனை யோகேஸ்வரனுக்குப் பழையது. போன வருடம் குடும்ப டொக்டரிடம் முழு மார்க் எடுத்தவர். இரகசியம் இதுதான்: கண்ணை அரைவாசிதான் மூட வேண்டும், டொக்டர் குனியும்போது மூச்சு விடுவார், அதைக் கேட்க வேண்டும், கேட்டதும் யெஸ். பஸ் ஓட்டுகிற அதே காது.

அவர் கண்ணை மூடினார். நடின் மூச்சு விட்டாள்.

"யெஸ்," என்றார்.

கொஞ்சம் பொறுத்து, "யெஸ்." பிறகு, "யெஸ். யெஸ்."



"அப்பா," என்றாள் வினுஷா. குரல் உடைந்திருந்தது. "அவ இன்னும் தொடவே இல்லை."

அவர் கண்ணைத் திறந்தார். நைலோன் நரம்பு நடினின் சட்டைப் பையில் இருந்தது. அவள் கோபப்படவில்லை. இந்தப் பகிடியை இவர்தான் முதலில் கண்டுபிடித்தார் என்று யார் சொன்னது?

"நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள்?" என்று கேட்டாள்.

சாமான் கிட்டங்கியில் பெட்டி அடுக்குகிறேன் என்று ஒரு பதில் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. சொன்னால் முடிந்தது. காயம் ஆறும், திறப்பு கையில் இருக்கும். இரஞ்சிதம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வினுஷா அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவருக்கு மஞ்சள் மூடி போட்ட தள்ளுவண்டி தெரிந்தது.

"பஸ் ஓட்டுறன்," என்றார். ஆங்கிலத்தில் தொடங்கி எங்கேயோ தமிழுக்கு வழுக்கிவிட்டார். வினுஷாதான் மாற்றிச் சொல்ல வேண்டியிருந்தது. "காலால ஓட்டேல்லை. காதால ஓட்டினனான். திங்கட்கிழமை பிறேக் எண்டு நினைச்சு மற்றதை அமத்திப்போட்டன். ஒரு குழந்தை. ஒண்டும் நடக்கேல்லை. நடக்கேல்லை எண்டது என்ர கெட்டித்தனம் இல்லை."

வினுஷா 'குழந்தை' என்ற சொல்லில் ஒரு முறை நின்று, பிறகு சொல்லி முடித்தாள்.

"பஸ்ஸில எத்தினை பிள்ளையள் இருந்தது?" இரஞ்சிதம் சுவரைப் பார்த்தபடியே கேட்டாள்.

"நிறைய."

அவள் எழும்பி வந்து அவர் முதுகில் ஒரு அடி போட்டாள். உண்மையான அடி. பிறகு அந்தக் கையை எடுக்காமல் அங்கேயே வைத்துக்கொண்டாள்.

"திரும்பச் செய்வோமா?" என்றாள் நடின்.

இந்த முறை கண்ணை இறுக மூடினார். காதையும் மூட முடிந்தால் மூடியிருப்பார். நேரம் போனது. எங்கேயோ தொடுகிறாள் போல. எங்கே என்று தெரியவில்லை.

"தெரியேல்லை," என்றார். "இல்லை. இல்லை. தெரியேல்லை." கணுக்காலுக்குக் கிட்ட வந்ததும், "ஆ. இது ஓம். இது தெரியுது," என்றார். பரீட்சையில் கோட்டை விட்ட பிள்ளை ஒரு கேள்விக்காவது சரியாகச் சொன்ன மாதிரி.

படம் அடுத்த நாள் காலை வந்தது. எலும்புக்குப் போகவில்லை. செத்த தோலை வெட்டி எடுத்தார்கள். விரல் தப்பியது, அளவிலும் அழகிலும் கொஞ்சம் குறைந்து. பஸ் தப்பவில்லை. டிப்போவுக்கு அவரே போன் எடுத்துச் சொன்னார். சொல்லி முடித்துவிட்டுப் போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டார். ஒருவரும் அந்தப் போர்வையை இழுக்கவில்லை, வினுஷா கூட.

காயம் ஆற மாதங்கள் எடுத்தன. அவ்வளவு நாளும் பெரிய பூட்ஸ் ஒன்றோடு சந்திரனில் நடக்கிறவர் மாதிரித் திரிந்தார். இப்போது டிப்போவின் கட்டுப்பாட்டு அறையில் இருக்கிறார்; யாருக்கு எந்த வண்டி என்று சொல்வது அவர்தான். சச்சிக்கு வாரம் முழுவதும் மின்சார பஸ் விழுகிறது. அதற்கு ஒரு காரணமும் இல்லை என்று அவர் சொல்கிறார்.

ஒவ்வொரு நாளும் பின்னேரம் கண்ணாடியோடு சோபாவில் இருப்பார். விரலிடுக்கு, குதி, உள்ளங்கால். சப்பாத்து மாட்ட முன்னால் உள்ளே கையை விட்டுத் துழாவுவார், கல்லோ ஊசியோ என்று. குளிக்கிற தண்ணீரை முழங்கையால் பார்ப்பார். சில நாட்களில் சப்பாத்துக்குள் கையை விட்டால் ஒரு இரப்பர் கரப்பான் வரும். அது வந்தால் அவர் அன்றைய சோதனையை ஒழுங்காகச் செய்திருக்கிறார் என்று அர்த்தம். வினுஷா ஒன்றும் தெரியாத மாதிரிப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

போன மாதம் சச்சி வீட்டில் திரும்ப ஒரு விசேஷம். வாசலில் மலை. வெறுங்காலோடு எந்த வீட்டிலும் நடக்கக் கூடாது என்று நடின் கண்டிப்பாகச் சொல்லியிருந்ததால், வீட்டுக்குள் மட்டும் போடும் புதிய அகலச் சப்பாத்து ஒன்றைப் பையில் கொண்டு வந்து, வாசலில் மாற்றிக்கொண்டு உள்ளே போனார். கம்பளத்தில் அவர் நடந்தபோது ஒரு அன்ரி மற்ற அன்ரியின் காதில் ஏதோ சொன்னார். இரஞ்சிதம் அந்தப் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். அன்ரிமாருக்கு உடனே வடையில் அக்கறை வந்துவிட்டது.

வெளிக்கிடுகிற நேரம். சனம் வாசலுக்குப் போனது. ஒரு நிமிடம் அமைதி. பிறகு சந்தை.

"ஐயோ, திரும்பவுமா! கீர்த்தனன்!"

யோகேஸ்வரன் வாசலில் ஒரு கதிரையில் இருந்தார். அவர் கழற்றி வைத்த சோடி சுவரோரம் நிமிர்ந்து நின்றது. இந்த முறை அதை ஒருவரும் தொடவில்லை. அவர் குனிந்து எடுத்து, உள்ளே கையை விட்டுத் துழாவி, சப்பாத்தின் நாக்கைத் தூக்கி இலக்கத்தைப் பார்த்தார். பத்து. அவருடையதேதான்.

கராஜ் கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு போன் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஐயோ!" என்று யோகேஸ்வரன் தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினார். "ஆற்ற சப்பாத்தடா இது! என்ர கால் நசியுது!"

கதவுக்குப் பின்னால் யாரோ சிரித்து, மூக்கை உறிஞ்சிக்கொள்ளும் சத்தம் கேட்டது.

"ஓவர் அக்ட்டிங் அப்பா," என்றது அந்தக் குரல்.